மூன்று கேட்சர்கள்

ஈரி, பென்சில்வேனியா
அக்டோபர் 9

தம்பி எமெட்டுக்கு,

நீ நலமா? நம் பேஸ்பால் லீக் விதி கேட்கச் சொல்கிறது, கேட்டுவிட்டேன். கடைசி இடம் பிடித்தவனும் பட்டம் வென்றவனும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் நல விசாரிப்பில் தொடங்கி நல விசாரிப்பில் முடிய வேண்டும் என்பது அர்லீன் சேர்த்த விதி. இல்லாவிட்டால் கடிதம் முழுக்க வசவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நம் பெரியப்பா மகளுக்கு நம் குடும்பத்தைப் பற்றி எந்த மயக்கமும் கிடையாது.

காபி கெட்டில் இப்போது என் வீட்டில், டிவிக்கு மேலே இருக்கிறது. நசுங்கிய அலுமினியக் கெட்டில்தான், மூடிகூடச் சரியாக உட்காராது. ஆனாலும் அது பட்டத்துக்குரிய கெட்டில். ஏழாவது, எட்டாவது என்று இத்தனை வருஷம் கிடந்தவன் நான். இப்போது முதலிடம். நீயோ எப்போதும் இரண்டாவது, மூன்றாவது என்று மிதப்பாக உலவியவன். இப்போது கடைசி. அதுவும் சாதாரணக் கடைசி இல்லை. உனக்கு மேலே இருந்தவனுக்கும் உனக்கும் நடுவில் ஏரியே கிடக்கிறது.

உனக்கு ஆட்டமே மறந்துபோயிருக்கும் என்பதால் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். மார்ச்சில் நாம் அர்லீன் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். நிஜமான பேஸ்பால் வீரர்களின் பெயர்களை ஆளுக்கொன்றாக முறை வைத்துச் சொல்லி எடுத்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் டிராஃப்ட். பிறகு கோடை முழுக்க அவர்கள் மைதானத்தில் அடிக்கிற ரன் நம் கணக்கில் ஏறுகிறது. அவர்கள் ஓட வேண்டும், அவர்கள் விழ வேண்டும், அவர்கள் முட்டி பெயர வேண்டும். உன் வேலை பெயர் சொல்வது மட்டும். அதையும் உன்னால் செய்ய முடியவில்லை.

இனி தண்டனை. அடுத்த டிராஃப்ட் வரை மாதம் ஒரு கடிதம், சொந்தக் கையெழுத்தில், யாரை ஏன் எடுத்தாய் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் போட வேண்டும். எழுதாதவனுக்கு லீக்கில் இடம் இல்லை. இது உனக்கு மட்டுமல்ல, எனக்கும் தண்டனைதான். உன் முதல் தேர்விலிருந்து தொடங்கு. சிரிக்கத் தயாராக இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதுவும் விதி.

ரோலண்ட் டோம்பெக்
சாம்பியன்


மேசா, அரிசோனா
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் இடது முட்டி எப்படி இருக்கிறது? பனி தள்ளும் இயந்திரத்தைச் சரி பார்த்துவிட்டாயா? போன வருஷம் அதன் கயிறு அறுந்து, நீ மண்வாரியோடு மல்லுக்கு நின்றதாக அர்லீன் சொன்னாள். விதிக்காகக் கேட்கவில்லை.

கெட்டில் உன் வீட்டில் இருப்பதில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே.

என் முதல் தேர்வு ஒஸ்வால்டோ பெனாராண்டா, கேட்சர். நான் பெயர் சொன்னதும் உன் சிநேகிதன் கஸ் வாயிலிருந்த பீரைத் துப்பினது உனக்கு நினைவிருக்கும். அர்லீன் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே, "எமெட், இன்னொரு தரம் சொல்லு. காதுல தப்பா விழுந்துடுச்சு" என்றாள். நான் இன்னொரு தரம் சொன்னேன்.

ஏன் எடுத்தேன்? பெனாராண்டாவுக்கு நேர்மையான முகம். பேஸ்பால் அட்டையில் இருந்த படத்தில் அவன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மற்ற வீரர்கள் எல்லாம் மட்டை பிடிப்பவனைப் பார்த்து நிற்பார்கள். மட்டைக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சர் ஒருவன்தான் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தியிருப்பான். முழு ஆட்டமும் அவன் கண்ணில் படும். அது எனக்குப் பிடித்தது. ஜூன் மாதம் அவன் முட்டி போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கோரினுடைய ரோஜாச் செடிகளைக் குளிருக்கு முன்னால் சாக்கு சுற்றி மூடினாயா? அவர் அக்டோபர் பாதிக்குள் மூடிவிடுவார்.

உடம்பைக் கவனி அண்ணா.

எமெட்


ஈரி
நவம்பர் 2

எமெட்டுக்கு,

நலமா? நான் நலம். முட்டி என் முட்டி, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

நேர்மையான முகமாம். நீ என்ன, பெண்ணுக்கு மாப்பிள்ளையா பார்த்தாய்? கேட்சர் என்பவன் வாரத்தில் இரண்டு நாள் ஓய்வெடுப்பவன். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து முப்பது வயதில் கிழவனாகிறவன். ஒரு கேட்சரைக் கடைசியில், வேறு ஆளே இல்லாதபோது, சலித்துக்கொண்டே எடுக்க வேண்டும். டிராஃப்டில் முதல் பெயர் சொல்லும் பாக்கியம் உனக்குச் சீட்டில் விழுந்தது. நாட்டிலுள்ள அத்தனை வீரர்களும் உன் முன்னால் நின்றார்கள். நீ ஒரு முட்டியை எடுத்தாய்.

உன் தலையில் மூளை இருந்த இடத்தில் அரிசோனா வெயில் என்ன செய்ததோ தெரியவில்லை. அங்கே நவம்பரில்கூட அரைக்கால் சட்டையோடு திரிகிறீர்களாமே. அப்படித் திரிகிறவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஒன்று சொல்லி வைக்கிறேன். இந்தக் கடிதங்களில் என் மனைவியின் பெயரை எழுதாதே. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த உரிமை உனக்குப் போய்விட்டது. செடி மூடியாயிற்று. எழுதுவதானால் பேஸ்பாலை மட்டும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோலண்ட் டோம்பெக், சாம்பியன்


மேசா
நவம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலம் என்று எழுதியிருந்தாய், ஒரு வார்த்தையில். அது போதும்.

பேஸ்பாலை மட்டும் எழுதுகிறேன். என் இரண்டாவது தேர்வு லைல் டன்விடி, கேட்சர். மூன்றாவது டெடி கிராஸ்னிக், அவனும் கேட்சர். அணிக்கு ஒரு கேட்சர்தான் கணக்கில் சேர்வான், மற்ற இருவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நீ இப்போது கத்துவது எனக்குக் கேட்கிறது. அன்றைக்கு நீ அர்லீனிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. நான் எதிரில்தான் இருந்தேன், ஆனாலும் அவளிடம்தான் சொன்னாய். "அர்லீன், அந்த ஆளுக்கு ஒரு கேட்சர் போதும்னு சொல்லு. தண்ணி தாகத்துக்கு மூணு கிணறு தோண்டறான்னு சொல்லு." அவள் என் பக்கம் திரும்பி, "சொல்லிட்டான்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ சிரிக்கவில்லை.

ஏன் எடுத்தேன் என்றால், பெனாராண்டா தனியாக இருப்பானே என்று தோன்றியது. குந்தி உட்காருகிறவனின் கஷ்டம் இன்னொரு குந்தி உட்காருகிறவனுக்குத்தான் புரியும்.

மே மாதம் ஜேரன் விட்லாக்கை உனக்குக் கொடுத்தேனே, அதையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவன் களத்தின் உள்வட்டத்தைக் காக்கும் நல்ல ஷார்ட்ஸ்டாப், நன்றாக அடிக்கவும் செய்வான். பதிலுக்கு நீ கொடுத்த ஆள் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. உன் அணியில் விட்லாக் நன்றாக இருப்பான் என்று பட்டது, கொடுத்தேன்.

அங்கே பனி தொடங்கியிருக்கும். வாசல் படியில் உப்புப் போடாமல் இறங்காதே.

எமெட்


ஈரி
டிசம்பர் 10

எமெட்டுக்கு,

நலமா? நான் நலம். உப்புப் போட்டுத்தான் இறங்குகிறேன்.

உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குக் கொண்டுபோய் கஸ்ஸிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பெர்ச் மீன் தட்டு வருவதற்குள் பக்கத்து மேசைக்காரர்களும் கேட்டுச் சிரித்தார்கள். பெனாராண்டா தனியாக இருப்பானாம்! உனக்கு வேண்டியது பேஸ்பால் லீக் இல்லை, அநாதை இல்லம்.

விட்லாக்கைப் பற்றி ஒன்றுமே மறைக்காமல் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவனை உன்னிடமிருந்து கறந்ததுதான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வியாபாரம். அர்லீன் போன் செய்து, "எமெட் விட்லாக்கைத் தர்றானாம். உன்கிட்ட இருக்கிற யாரு வேணும்னாலும் குடுன்னு சொல்றான்" என்றபோது நான் மூச்சுக்கூட விடவில்லை. ஆர்வம் காட்டாத குரலில் "சரி, பாவம், குடுத்துட்டுப் போறான்" என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்று ஆடினேன். அந்த முட்டியோடு. விட்லாக் அடித்த ஹோம் ரன்கள்தான் எனக்குப் பட்டம். உன்னிடமிருந்து ஒரு நல்ல பொருள் வெளியே வந்தால் அது நேரே என்னிடம் வந்து சேர்கிறது. அதுதான் நியாயம்.

கஸ் மட்டும் ஒரு மாதிரி பேசினான். "உன் தம்பியா, ரோலண்ட்? பள்ளிக்கூடம் போற வயசுலயே ரேடியோ கேட்டுட்டு மறுநாள் பூரா ஆட்டத்தையும் ஒப்பிப்பானே, அவனா மூணு கேட்சர் எடுத்தான்?" என்று முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டான். வயதாகிவிட்டது, மூளை இளகிவிட்டது என்றேன். "ம்" என்றான். கஸ் "ம்" என்று சொன்னால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று பொருள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பந்து வீசுகிற அந்தப் பிட்சர் மில்ஹாப்ட். கையே இல்லாத பிட்சரை எடுத்த அதிசயத்துக்கு விளக்கம் தேவை. நன்றாக யோசித்து எழுது.

பண்டிகை வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ரோலண்ட் டோம்பெக், சாம்பியன்


மேசா
ஜனவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். நலம். நீ சமையலறையில் ஆடியதை எழுதியிருந்தாயே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். தபால் பெட்டிப் பக்கத்தில் நின்றபடியே. எதிர் வீட்டுக்காரி, "என்ன எமெட், லாட்டரி விழுந்துடுச்சா?" என்றாள். அண்ணன் கடிதம் என்றேன். உனக்கு அண்ணன் உண்டா என்று கேட்டாள்.

மில்ஹாப்ட் விஷயம். அவன் முழங்கையில் கத்தி வைத்த செய்தி எனக்கு வந்து சேரவில்லை. பத்திரிகையை அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை. அவ்வளவுதான் அண்ணா. இதற்குமேல் யோசித்தும் நல்ல காரணம் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு யார் வீட்டில் சாப்பிட்டாய்?

எமெட்


ஈரி
ஜனவரி 14

எமெட்,

நேற்று மீன் சாப்பாட்டில் கஸ் மறுபடியும் முள்ளை எடுத்துக்கொண்டே பேசினான். "மில்ஹாப்ட்டை எடுத்துடாதேன்னு போன பிப்ரவரியில எனக்குப் போன் பண்ணிச் சொன்னதே எமெட்தான். அங்க அரிசோனாவுல நடக்கிற பயிற்சி முகாம்ல நேர்ல பாத்தானாம். கையத் தொட்டில் கட்டித் தொங்க விட்டுட்டு நின்னானாம் அந்தப் பையன். நான் தப்பிச்சேன்" என்றான். சொல்லிவிட்டு மீனைத் தின்றான். தான் என்ன சொன்னோம் என்று அந்த மண்டூகத்துக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. பாதித் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மில்ஹாப்ட் கை போனவன் என்று தெரிந்தே எடுத்தாய். மூன்று கேட்சர்களைத் தெரிந்தே எடுத்தாய். விட்லாக்கை நான் கறக்கவில்லை. நீ பாத்திரத்தோடு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் சமையலறையில் ஆடினேன்! அதை உனக்கு எழுதவும் செய்தேன். நீ அதைத் தபால் பெட்டிப் பக்கத்தில் நின்று படித்துச் சிரித்தாய்.

கேடு கெட்டவனே, உன்னிடம் நான் பிச்சை கேட்டேனா? என் வாழ்நாளில் ஒரு முறை ஜெயித்தேன், அதையும் நீ இலவசமாகக் கொடுத்ததாக ஆக்கிவிட்டாய். வேண்டுமென்றே தோற்பவனை லீக்கிலிருந்து ஆயுளுக்கும் நீக்க வேண்டும் என்பது முதல் விதி. அவனால் ஜெயித்தவனின் பட்டமும் போகும். போகட்டும். மார்ச்சில் டிராஃப்ட் மேசையில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். கெட்டிலும் வேண்டாம், தம்பியும் வேண்டாம்.

நல விசாரிப்பு கிடையாது. விதியை மீறிவிட்டேன். அர்லீனிடம் போய்ச் சொல்லிக்கொள்.

ரோலண்ட் டோம்பெக்


மேசா
பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? நீ கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன்.

கஸ் சொன்னது உண்மை. எல்லாவற்றையும் தெரிந்தேதான் செய்தேன்.

போன் செய்தால் வைத்துவிடுகிறாய். கடிதம் போட்டால் உறை கிழியாமல் திரும்பி வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை அர்லீன் மேசையில் எதிரெதிரே உட்காருகிறோம். உப்பு வேண்டுமென்றால்கூட அவளிடம் கேட்கிறாய், அது என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த இந்த உலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. நான் கடைசியில் வர வேண்டும். நீ முதலில் வர வேண்டும்.

நான் கடைசியில் வருவது சுலபம். மூன்று கேட்சர் போதும். உன்னை முதலில் கொண்டுவருவதுதான் அண்ணா பெரும்பாடு! நீ என்னைத் திட்டியே இத்தனை மாதம் போனது, என் முறையும் ஒரு தடவை வரட்டும். உன் முதல் தேர்வு என்ன? ஒரு பிட்சர். எல்லா வருஷமும் பிட்சர். ஐந்து நாளைக்கு ஒருமுறை வேலைக்கு வருகிறவனை வருஷா வருஷம் முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு ஏன் ஏழாவது வருகிறோம் என்று கூரையைப் பார்க்கிறாய். உன் இரண்டாவது தேர்வுக்கு அப்போதே நாற்பது வயது. விட்லாக்கைக் கொடுத்த பிறகும் ஜூலையில் நீ நான்காவது இடத்தில் நின்றாய். இப்படி ஓர் அணியைத் தூக்கி நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலிடத்தில் இருந்த கஸ்ஸுக்குப் போன் போட்டுத் தவறான யோசனைகளாகச் சொன்னேன். பாவம், அவன் இன்னும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது நீ எழுதக் கூடாது என்று சொன்ன பெயரை எழுதப் போகிறேன். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுக் கிழி.

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பிப்ரவரியில் நீ காரை எடுத்து வரப் போயிருந்தாய். ஆஸ்பத்திரி அறையில் கோரினும் நானும். அவர் கேட்டார், "எமெட், சீசன் மொத ஆட்டத்துக்கு நான் இருப்பேனா? உங்கண்ணனைக் கேட்டா இருப்பேன்னுவான். அதனாலதான் உன்னைக் கேக்கறேன்." நான் இல்லை என்றேன். டாக்டர் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சரி. இதை நான் கேட்டேன்னு அவனுக்கு இப்ப தெரிய வேணாம். அவன் சொல்றதை நம்பற மாதிரி இருந்துக்கறேன். அப்புறம் தெரிஞ்சா உன்மேலதான் பாய்வான். பாயட்டும்டா, யாரு மேலயாவது பாயணுமில்ல. ஆனா ரொம்ப நாள் விட்டுடாதே. அவன் தானா வரமாட்டான். நீதான் ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணி இழுத்துட்டு வரணும்."

அடக்கம் முடிந்ததும் இதைச் சொல்லத்தான் உன்னிடம் வந்தேன். "அவங்களுக்குத் தெரியும், நான் சொல்லிட்டேன்" என்று பாதி சொல்வதற்குள் நீ "போ" என்றாய். நான் போனேன். மீதிப் பாதியை ஆறு வருஷம் வைத்திருந்தேன்.

என்னை நீக்குவதானால் நீக்கு. மூன்று கேட்சர்களுக்கு நான்கு கடிதம் கிடைத்தது. நஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

எமெட்


மேசா
மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. விதிப்படி இப்போது உன் இடம்கூட ஆட்டம் காண்கிறது, தெரியுமா?

அர்லீனிடம் விசாரித்தேன். நீ மீன் சாப்பாட்டுக்கு வருவதில்லையாம். வாசலில் பனி மட்டும் தள்ளியிருக்கிறதாம். அது தெரிந்ததும் கொஞ்சம் நிம்மதி.

டிராஃப்டுக்கு நான் வரவில்லை. நீ எழுந்து நின்று சொல்லும்போது நான் எதிரில் இருந்தால் கஸ்ஸின் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிடுவேன், அது உனக்கு மரியாதையாக இருக்காது. வராதவன் சார்பில் சாம்பியன் பெயர் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. என்னை நீக்காமல் விட்டால் என் அணியை நீயே எடு. பிட்சரில் தொடங்குவாய், கடைசி இடம் எனக்கு உறுதி.

எமெட்


ஈரி
மார்ச் 24

எமெட்,

டிராஃப்ட் நேற்று முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

அர்லீன் வழக்கம்போல் அந்த வெந்து கரைந்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சைச் செய்திருந்தாள். நான் கெட்டிலைக் கையோடு கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தேன். எல்லோரும் உட்கார்ந்ததும் அவள், "ரோலண்ட், ஏதோ சொல்லணும்னு போன்ல சொன்னியே, சொல்லு" என்றாள். எழுந்து நின்றேன். உன் நாற்காலியில் யாரோ தங்கள் குளிர்க் கோட்டைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. உனக்குத் தெரியாத விஷயம். அந்தப் பிப்ரவரியில் நான் அவளிடம், "மொத ஆட்டத்துக்கு நீ இருப்பே, பாரு" என்றேன். காரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த அதே நாள். அவள் சிரித்தாள். "அப்ப ரெண்டு டிக்கெட் வாங்கிடு ரோலண்ட். வெயில் படற பக்கமா வாங்கு" என்றாள். நான் வாங்கினேன். என் பொய் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார் என்று எனக்குப் பெருமை. ஏப்ரலில் தனியாகப் போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் என் கோட்டை வைத்தேன். அவள் கடைசி வரை நம்பிச் சந்தோஷமாகப் போனாள் என்ற நினைப்பு மட்டும் இருந்திருந்தால் அந்தக் குளிரில் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும். நீ அடக்கத்தன்றே அதையும் பிடுங்கிவிட்டிருந்தாய். உன்மேல் எனக்கிருந்த கோபம் அதுதான். அவளிடம் உண்மை சொன்னதற்குக்கூட அல்ல.

உன் பிப்ரவரிக் கடிதத்தை இத்தனை நாளும் மேசையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுத உட்காருவேன், திட்டு வராது. திட்டாமல் உனக்கு எழுத எனக்குத் தெரியாது.

அவள் எனக்காக நம்புவதுபோல் நடித்தாள். நீ எனக்காகத் தோற்றாய். இருவரும் சேர்ந்து என்னை ஜெயிக்க விட்டிருக்கிறீர்கள். நான் ஒருவன்தான் நிஜமாகவே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சமையலறையில் ஆடிய கழுதை.

"என்ன ரோலண்ட், நின்னுட்டே தூங்கறியா?" என்றான் கஸ்.

"சொல்ல வேண்டியது இதுதான். என் மொத தேர்வு ஒஸ்வால்டோ பெனாராண்டா" என்றேன்.

கஸ் இந்த முறையும் பீரைத் துப்பினான். அவனுக்கு இனி பீரே கொடுக்கக் கூடாது. "அந்த முட்டி இன்னும் ஆறலையேய்யா!" என்றான். தெரியும் என்றேன். என் அடுத்த முறை வந்தபோது டன்விடி என்றேன். மூன்றாவதாக கிராஸ்னிக் என்றேன். அர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ரோலண்ட், வேணும்னே தோக்கறவனுக்கு என்ன தண்டனைன்னு ஞாபகம் இருக்கில்ல?" என்றாள். "எனக்குக் கேட்சர்னா பிடிக்கும், அதுல என்ன தப்பு? நேர்மையான முகம்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எழுதிக்கிட்டேன்" என்றாள். முட்டாள்தனத்துக்கு லீக்கில் தண்டனை கிடையாது. உன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிலைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பிச்சையென்றாலும் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது, யாருக்கும் கொடுக்க மாட்டேன். இன்று காலை அதில் காபி காய்ச்சிப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

உன் அணியையும் நானே எடுத்தேன். முதலில் விட்லாக். பிட்சர்களைக் கடைசியில்தான் தொட்டேன். இத்தனை நாள் நான் செய்தது எல்லாம் தப்பு என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அந்த அவமானத்துக்கு உன்னைத் தனியாகக் கவனிக்கிறேன். இவ்வளவு நல்ல அணியை வைத்துக்கொண்டு நீ முதலில் வராவிட்டால் உன்னைப்போல் உதவாக்கரை எவனும் இல்லை.

ஆக, நீ ஜெயிக்கப் போகிறாய். நான் கடைசியில் வரப்போகிறேன். அக்டோபரில் நான் எழுதுவேன், நீ பதில் போட்டே தீர வேண்டும். ஆனால் அக்டோபர் வரை பொறுக்க என் வயது இடம் கொடுக்காது. ஏப்ரல் எட்டாம் தேதி கிளீவ்லாண்டில் முதல் ஆட்டம். ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கிறேன், வெயில் படுகிற பக்கமாக. பக்கத்து நாற்காலியில் இந்த வருஷம் கோட்டை வைக்க எனக்கு இஷ்டமில்லை. உனக்குக் கோட்டு என்று ஒன்று இருந்தால் போட்டுக்கொண்டு வா. அரைக்கால் சட்டையோடு வந்தாயானால் உன்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எழுதாதே. வந்து சொல்.

அண்ணன்